1990ஆம் ஆண்டு அமெரிக்க வானிலைப் பெட்டி எங்கட விறாந்தையில: ஒரு மாரி முழுக்கப் பாவிச்ச பிறகு

முதலே சொல்லிப்போடுறன், பெட்டி என்னட்ட இல்லை. அமெரிக்கக் கேபிள் ரீவியில ஊர் ஊரா வானிலை காட்டின வெதர்ஸ்ரார் 4000 எண்ட அந்தப் பழைய பெட்டி எப்பிடிப் படம் காட்டினதோ அப்பிடியே பிரவுசருக்குள்ள காட்டுற சொஃப்ற்வெயார் ஒண்டு இருக்கு, பேர் வெதர்ஸ்ரார் 4000 பிளஸ், இலவசம், அதை எழுதின கோட் எல்லாம் ஆரும் எடுத்து மாத்திற மாதிரித் திறந்து வைச்சிருக்கினம், அதை நான் போன ஐப்பசி தொடங்கி மாரி முடியும் வரைக்கும் விறாந்தையில பழைய ரீவி ஒண்டில ஓட விட்டனான். அதைப் பற்றித்தான் எழுதுறன். ஆனால் பெட்டியின்ர கதை தெரியாமல் இதைப் பாத்தால் போனில இதைவிட வடிவா வருதே எண்டு மூடிப்போட்டுப் போயிடுவியள், அதால கொஞ்சம் பின்னால இருந்து வாறன்.

நான் இதை முதல் கண்டது 1995 தொடக்கத்தில, அந்த மூண்டு மாசச் சமாதானக் காலத்தில. எனக்கு ஒன்பது வயசு. நியூ ஜேர்சியில இருந்த மாமாவின்ர கலியாண வீட்டுக் கசெற்றைக் கொழும்பால வந்த ஒராளிட்டைக் குடுத்து விட்டிருந்தவை. கரண்ட் எங்களுக்கு 90இல நிண்டது நிண்டதுதான், அதால ரீவி, டெக், ஜெனரேற்றர் மூண்டையும் ஒரு இரவுக்கு வாடகைக்கு எடுத்து முத்தத்தில பாய் விரிச்சு அயலட்டைச் சனம் முழுக்க இருந்து பாத்தது. அமெரிக்கக் கசெற் எண்டபடியா டெக்குக்குக் கலர் பிடிபடேல்ல, கறுப்பு வெள்ளையாத்தான் ஓடினது. மாமா வேற ஏதோ பதிஞ்சு வைச்சிருந்த கசெற்றுக்கு மேலதான் கலியாணத்தை ஏத்தியிருக்கிறார் போல, தாலி கட்டி, சாப்பாடு முடிஞ்சு, படம் ஒருக்கா வெட்டிச்சு, உடன அடியில கிடந்த பழைய ரீவி நிகழ்ச்சி வந்திட்டுது. பின்னால மெல்லிசா ஒரு சாக்ஸபோன், திரையில மூண்டு கட்டம், ஒவ்வொரு கட்டத்துக்குள்ளயும் ஒரு கிழமைப் பேர், ஒரு முகில் படம், அடியில ரெண்டு எண். மேல மாமா இருந்த ஊரின்ர பேர். நாட்டின்ர பேர் இல்லை, மாகாணத்தின்ர பேரும் இல்லை, அந்தச் சின்ன ஊரின்ர பேர். இங்கிலிஸ் தெரிஞ்ச மாஸ்ரர் ஒராள் வாசிச்சுப்போட்டு, சனிக்கிழமை அங்க ஸ்னோ கொட்டுமாம் எண்டார். ஆச்சி உடன கேட்டா, "அப்ப எங்கட ஊருக்கு என்னவாம்?"

ஆரும் பதில் சொல்லேல்ல. எங்களுக்கு இருந்தது ரேடியோவில வாற ஒரு வசனம், வடக்கு கிழக்கு மாகாணங்களில் இடைக்கிடை மழை பெய்யலாம் எண்டு. பருத்தித்துறையில இருந்து பொத்துவில் வரைக்கும் ஒரே வசனம். 64 புயலைக் கண்ட ஆச்சிக்கு அந்த வசனம் காணாது.

பிறகு கன காலத்துக்குப் பிறகுதான் கசெற்றில கண்ட அந்த வானிலைப் பக்கம் எங்க இருந்து வந்தது எண்டு தேடி அறிஞ்சன். த வெதர் சனல் எண்டு 24 மணித்தியாலமும் வானிலை மட்டும் சொல்லுற சனல், 1982 மே 2ஆம் திகதி தொடங்கினது, ஜோன் கோல்மன் எண்ட ரீவி வானிலைக்காரரும் பிராங் பற்றன் எண்ட பத்திரிகை முதலாளியும் சேந்து செய்தது. அவைக்கு இருந்த சிக்கலை யோசிச்சுப் பாருங்கோ. சனல் அட்லாண்டாவில இருந்து சற்றலைற்றால போகுது, நாடு முழுக்க விழுறது ஒரே படம், அப்ப ஒவ்வொரு ஊருக்கும் அந்த ஊர் மழையை எப்பிடிச் சொல்லுறது? அவை செய்த வேலை, ஒவ்வொரு கேபிள் கொம்பனியின்ர நிலையத்திலையும் ஒரு கொம்பியூட்டரைப் பூட்டினது. அதுதான் வெதர்ஸ்ரார். படத்தில கண்ணுக்குத் தெரியாத கோடுகள் இருக்கெல்லோ, அதுக்குள்ள நாட்டின்ர வானிலைத் தரவு முழுக்கப் போகும், ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு விலாசம் இருக்கும், தன்ர விலாசத்துக்கு வந்ததை மட்டும் அது எடுத்து வைச்சுக்கொண்டு மிச்சத்தை விட்டிடும். ஸ்ரார் எண்டதின்ர விரிவே சற்றலைற் ட்ரான்ஸ்பொண்டர் அட்ரஸபிள் ரிசீவர்தான். பேந்து குறிச்ச நேரம் வரேக்க அட்லாண்டாவில இருந்து ஒரு சைகை போகும், நாடு முழுக்க உள்ள எல்லாப் பெட்டியும் ஒரே கணத்தில எழும்பி, தன்ர தன்ர ஊர்ப் பக்கத்தை ஒண்டு ரெண்டு நிமிசத்துக்குக் காட்டிப்போட்டுத் திரும்பச் சனலை விட்டிடும். 90களில அந்த நேரம் எட்டில முடியிற நிமிசம், 8, 18, 28 எண்டு. ஒரே சனலை ஒரே நேரத்தில பாத்துக்கொண்டிருந்த ரெண்டு ஊர்க்காரர் ரெண்டு வேற பக்கத்தைக் கண்டவை. இன்ரநெற் வீடுகளுக்கு வர முதல் இதைச் செய்திருக்கினம் எண்டதுதான் எனக்கு இண்டைக்கும் பெரிய விசயம்.

முதல் பெட்டி வெறும் எழுத்து மட்டும். 84இல ரெண்டாவது, 86இல மூண்டாவது, அதுகளும் எழுத்துத்தான். 1990இல வந்த 4000தான் முதல் முதல் ஒழுங்கான படம் கீறினது, கனடாவில ஹலிஃபாக்ஸ் எண்ட இடத்தில உள்ள ஒரு கொம்பனி செய்து குடுத்தது. சின்னக் கேபிள்காரருக்கு எண்டு 94இல ஜூனியர் எண்டு ஒண்டு, பிறகு சிலிக்கன் கிராபிக்ஸ் கொம்பியூட்டரை வைச்சு எக்ஸ்எல், 2003இல இன்ரலிஸ்ரார். நான் எல்லாத்தின்ர வீடியோவும் தேடிப் பாத்தனான், பின்னால வந்ததுகள் பளபளப்பு, படம் அசையும், குரல் பேசும், ஆனால் 4000தான் திறம் எண்டு நான் நிண்டு சொல்லுவன். அதுக்குப் பெரிசாக் கீறுற சக்தி இல்லை, அதால ஒரு பக்கத்தில ஒரு விசயம்தான், எழுத்துப் பெருசு, வெள்ளை எழுத்துக்குக் கறுப்பு நிழல், தலைப்பு மஞ்சள், பின்னால ஊதாவில இருந்து செம்மஞ்சளுக்குப் போற நிறம், நடுவில நீலப் பெட்டி. பதினைஞ்சு அடிக்கு அங்கால கதிரையில கிடந்து கொண்டு வாசிக்கலாம். இப்ப போன் ஆப்பில ஒரு திரைக்குள்ள இருபது எண்ணையும் ரெண்டு விளம்பரத்தையும் போட்டு அடைக்கினம், அதில நாளைக்கு மழையோ இல்லையோ எண்டு தேடவேண்டிக் கிடக்கு.

2014இல பழைய அனலொக் சற்றலைற் வழி நிண்டதோட 4000ஐயும் நிப்பாட்டியாச்சு. தரவு வராட்டில் அந்தப் பெட்டி ஒண்டும் செய்யாது. அதில விருப்பம் உள்ள ஆக்கள் கழிச்சு விட்ட பெட்டியளை வேண்டி, உள்ள என்ன ஓடுது எண்டு ஆராஞ்சு, தாங்களே தரவு அனுப்பித் திரும்ப ஓட வைச்சிருக்கினம். அப்பிடி வைச்சிருக்க வசதி இல்லாத என்னை மாதிரி ஆக்களுக்குத்தான் இந்தச் சொஃப்ற்வெயார்.

இனி அதுக்கு வாறன். மூலப் பதிப்பு அமெரிக்க அரசாங்க வானிலைச் சேவையின்ர தரவை எடுக்கிறது, அதால அமெரிக்க ஊர் மட்டும்தான் போடலாம், யாழ்ப்பாணம் எண்டு அடிச்சால் வராது. ஆனால் கோட் திறந்து கிடக்கிறபடியா வேற ஆக்கள் அதைப் பிரிச்சு எடுத்து ஓப்பன் மீற்றியோ எண்ட இலவசச் சேவையோட கொழுவி உலகம் முழுக்க வேலை செய்யிற பதிப்பு ஒண்டும் செய்திருக்கினம். நான் போட்டது அதுதான். ஊர்ப் பேரை அடிச்சுத் தெரிவு செய்ய வேண்டியதுதான், எந்தெந்தப் பக்கம் வேணும் எண்டு ரிக் போடலாம், பரனைட்டைச் செல்சியஸ் ஆக்கலாம். என்ர பழைய லப்டொப் ஒண்டு, திரை உடைஞ்சது, அதைத்தான் பின்னால ஒளிச்சு வைச்சிருக்கிறன்.

ரீவியில ஏத்தினதுதான் கொஞ்சம் அலைச்சல். அப்பா இருக்கேக்க வேண்டின 21 இஞ்சிப் பழைய ரீவி, பின்பக்கம் பெருசு, அதில எச்டிஎம்ஐ ஓட்டை கிடையாது, மஞ்சள் வெள்ளை சிவப்பு வயர்தான். அதுக்கு நடுவில ஒரு சின்ன மாத்திப் பெட்டி வேணும், ரெண்டாயிரத்துக்குள்ள முடியும். ரவுணில ஒரு கடையில முதல் வேண்டினது வீட்டை கொண்டந்து கொழுவ வெறும் நீலத் திரை, திருப்பிக் கொண்டு போக நீங்கள்தான் சுட்டிருப்பியள் எண்டு நிண்டவை, மூண்டு தரம் சைக்கிள் மிதிச்சுத்தான் மாத்தித் தந்தவை. ரெண்டாவது வேலை செய்தது. அந்தப் பெட்டியின்ர பக்கத்தில பால் (PAL, எங்கட ரீவி முறை), என்ரிஎஸ்சி (NTSC, அமெரிக்க ரீவி முறை) எண்டு ஒரு சுவிச் இருக்கு, ரீவிக்கு ரெண்டும் பிடிக்குமெண்டால் என்ரிஎஸ்சியில விடுங்கோ, 4000 அந்த அமெரிக்க முறைக்கெண்டு கீறினது, அதில விட்டால்தான் அந்தக் கோடு, அந்த மெல்லிசான எழுத்துக் கரைதல், எல்லாம் கசெற்றில கண்டமாதிரியே வரும். புதுத் தட்டை ரீவியில நேர கொழுவினாலும் வரும், ஆனால் எழுத்து கத்தியால வெட்டினமாதிரி நிக்கும், எனக்குப் பிடிக்கேல்ல. முதல் நாள் படம் வந்து, மேல யாழ்ப்பாணம் எண்டு இங்கிலிஸில எழுதி, அடியில மூண்டு நாள் மூண்டு கட்டம், நான் கன நேரம் கதிரையை விட்டு எழும்பேல்ல. இந்த முறை கலரில.

பாவிச்சது நான் மட்டும் இல்லை. அம்மாவுக்குப் போன் எடுத்துத் தட்டித் தடவி ஆப் திறக்கிறது சரிவராது, கண்ணும் குறைவு. ரீவி விறாந்தையில சும்மா ஓடிக்கொண்டு கிடக்கும், அவ குசினிக்கும் கிணத்தடிக்கும் போகேக்க வரேக்க ஒரு பார்வை பாப்பா. கேட்கத் தேவையில்லை, அது தானாச் சுத்திச் சுத்திச் சொல்லிக்கொண்டே இருக்கும், இதுதான் அந்தப் பழைய யோசனையின்ர பெலம், நீங்கள் தேடிப் போற விசயமா இல்லாமல் வீட்டுக்குள்ள மணிக்கூடு மாதிரி இருக்கும். ரெண்டாம் கிழமையில நான் கண்டன், மிளகாய் காயப் போட முதல் அம்மா திரையைப் பாத்துப்போட்டுத்தான் சுளகைத் தூக்கிறா. ஒடியல் போட்ட தையில வெயில் படம் மூண்டு நாளுக்குச் சேந்து வரும் வரைக்கும் காத்திருந்து போட்டவ.

அவவுக்குப் பிடிச்சது அல்மனாக் பக்கம், நான் அதை நினைக்கவே இல்லை. சூரியன் எழும்பிற நேரம், விழுற நேரம், அடியில நாலு சந்திரன், அடுத்த அமாவாசை எப்ப, பறுவம் எப்ப எண்டு. அம்மா அமாவாசை விரதக்காரி. ஆனால் கவனம், அது சூரியனும் சந்திரனும் ஒரே பக்கத்தில சேருற அந்தக் கணத்தின்ர திகதியைத்தான் அமாவாசை எண்டு போடுது, திதி பாத்துப் போடுறேல்ல, எங்களுக்கு வாக்கியம் ஒண்டு திருக்கணிதம் ஒண்டு எண்டு ரெண்டு பஞ்சாங்கமே ஒண்டோடொண்டு ஒத்துவராத இடத்தில இது மூண்டாவதா ஒண்டைச் சொல்லும். விரதத்துக்குப் பஞ்சாங்கத்தைப் பாருங்கோ.

வெப்பநிலைப் பக்கத்தால எங்களுக்குப் பெரிய பிரயோசனம் இல்லை, இஞ்ச பகல் முப்பதுக்கு அங்கால இஞ்சால, இரவு இருபத்தஞ்சு சொச்சம், மாரியில கொஞ்சம் கீழ. அமெரிக்காவில ஒரே கிழமையில ஸ்னோவும் வெயிலும் மாறி வாற சனத்துக்கு அது பெருசு. எங்களுக்கு வேண்டியது மழையும் காத்தும். காத்துத்தான் இதில எனக்குப் பெரிய குறை. வடகிழக்கு எண்டு எழுத்தும் ஒரு எண்ணும் போடும், ஓரமா, சின்னனா. எங்கட ஊரில காத்துக்குப் பேர் இருக்கு, வாடை, கொண்டல், சோளகம், கச்சான் எண்டு, அந்தப் பேரைச் சொன்னாலே கடல் எப்பிடிக் கிடக்கும், குறிகாட்டுவானில படகு ஓடுமோ, எந்த மீன் வரும் எண்டு பாதி விசயம் விளங்கிடும். திசையையும் வேகத்தையும் பெருசாப் போட்டு ஒரு தனிப் பக்கம் இருந்தால் இந்தச் சொஃப்ற்வெயாரை நான் தீவுப்பகுதி முழுக்கக் கொண்டு போய்ப் பூட்டுவன்.

மழைக்கு வாறன். இதில வாறது கொம்பியூட்டர் மாதிரிக் கணக்கு, ஆரும் பலாலியில நிண்டு பாத்துச் சொல்லுறது இல்லை. இந்தக் கணக்குகள் உலகத்தைப் பத்துக் கிலோமீற்றர் சொச்சச் சதுரமா வெட்டித்தான் பாக்குது. எங்கட குடாநாடு எவ்வளவு ஒடுக்கம், ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் கடல்நீரேரி, ஒரு சதுரத்துக்குள்ள பாதி தண்ணியாக் கிடக்கும். அதால பின்னேரத்தில சுன்னாகத்தில கொட்டி நல்லூரில சொட்டும் விழாத அந்த இடி மழை இருக்கே, அதை இது பிடிக்காது. ஐப்பசியில அம்மா ரெண்டு தரம் ஏமாந்து மிளகாயை நனைய விட்டவ. கார்த்திகை பிறந்து வாடை நிலைச்ச பிறகு, தாழமுக்கத்தோட நாள் கணக்கில வாற மழை எண்டால் ரெண்டு மூண்டு நாளுக்கு முன்னமே கட்டத்துக்குள்ள மழைப் படம் வந்து நிக்கும், அதில அது என்னை ஏமாத்தேல்ல.

இனி முக்கியமான எச்சரிக்கை, இதைக் கட்டாயம் வாசியுங்கோ. அசல் 4000இல ஆபத்து எண்டால் ஒரு பீப் சத்தத்தோட திரையின்ர அடியில சிவப்புப் பட்டி ஓடும், அமெரிக்க அரசாங்கம் அந்த மாவட்டத்துக்கெண்டு குடுத்த அறிவித்தல் அப்பிடியே அந்தப் பெட்டிக்கு வரும். சனம் அந்தச் சத்தத்துக்கு எழும்பிப் பாத்தவை. எங்கட பதிப்புக்கு அது இல்லை, எங்கட வளிமண்டலவியல் திணைக்களத்தின்ர அறிவித்தல் இதுக்குள்ள வர வழி இல்லை. கார்த்திகையில தாழமுக்கம் ஒண்டு கிட்ட வந்த நேரம் வெளியில காத்து ஓலையைப் பிடுங்குது, திரையில அமைதியா அந்த ஊதா நிறத்தில ஒரு மழைப் படம், பின்னால மெல்லிசான பாட்டு. எனக்கு நெஞ்சுக்க ஒருமாதிரிப் போச்சு. 2008இல நிஷா வந்து ஊர் தண்ணிக்குள்ள கிடந்ததைக் கண்டவன் நான். அண்டைக்குப் பாட்டை நிப்பாட்டிப்போட்டு, போனில காரைக்கால் ராடர் படத்தைத் திறந்து வைச்சுக்கொண்டு இருந்தன். இந்தியாவின்ர ராடர் எண்டாலும் எங்களுக்கு நூற்றைம்பது கிலோமீற்றருக்குள்ளதான், பாக்குநீரிணைக்கு மேலால வாற மழையை அது வடிவாக் காட்டும். இரவு கரண்ட் போச்சு, ரீவியும் போச்சு, பற்றரி ரேடியோதான் மிஞ்சினது. அதால இதை வெயிலுக்கும் சாதாரண மழைக்கும் வைச்சிருங்கோ, புயல் எண்டால் திணைக்களத்தின்ர அறிவித்தல், ரேடியோ, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின்ர 117. இதை நம்பி வள்ளம் இறக்காதேங்கோ.

பாட்டைப் பற்றி ஒண்டு. அந்தக் காலத்தில பின்னால போன இசை பாட்டில்லாத மெல்லிசான ஜாஸ். நான் ஒரு கிழமை அதை விட்டுப் பாத்தன், அம்மாவுக்குத் தலையிடி. பிறகு நாதஸ்வரம் பதிஞ்ச பென் ட்ரைவ் ஒண்டை வேற சின்னப் ப்ளேயரில கொழுவி விடியப்புறத்தில மட்டும் மெதுவா விட்டன். சூரியன் எழும்பிற நேரப் பக்கத்தோட அது பொருந்தி வந்தது, அயலில இருந்தும் கேட்டவை என்ன விசேசம் எண்டு.

தமிழ் இல்லை, அதுதான் மற்றப் பெரிய குறை. எழுத்துரு அந்தப் பழைய பெட்டியில இருந்து பாத்துச் செய்தது, இங்கிலிஸ் எழுத்து மட்டும்தான். படத்தைப் பாத்து அம்மா விளங்கிக்கொள்ளுறா, ஆனால் எந்தக் கட்டம் எந்த நாள் எண்டது பிடிபடேல்ல. நான் ஒரு மட்டையில ஏழு கிழமையின்ர இங்கிலிஸ் சுருக்கத்தையும் எழுதிப் பக்கத்தில ஞாயிறு, திங்கள் எண்டு தமிழில போட்டு ரீவிக்குப் பக்கத்தில ஒட்டி விட்டன். இப்ப மட்டை தேவையில்லை, பாடமாக்கிப்போட்டா. எழுபத்தொரு வயசில.

புள்ளி கேட்டால் பத்துக்கு எட்டுப் போடுவன். ஒண்டு எச்சரிக்கை இல்லாததுக்கு, ஒண்டு தமிழ் இல்லாததுக்குக் குறைச்சது. வீட்டில வயசான ஆக்கள் இருந்தால், தூக்கிப் போட வைச்சிருக்கிற பழைய ரீவியும் லப்டொப்பும் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்து பூட்டி விடுங்கோ, ரெண்டாயிரத்துக்குள்ள காசு. கடையில தோட்டக்காரர் வந்து போற இடம் எண்டால் இன்னும் நல்லம், வெங்காயம் கிண்டுறதோ விடுறதோ எண்டு நிண்டு யோசிக்கிற நேரத்தில திரை சும்மா ஓடிக்கொண்டிருக்கும்.

போன கிழமை பாசையூரில ஐஸ் போடுற கடை வைச்சிருக்கிற அண்ணை ஒராள் வீட்டை வந்து பாத்தார், தனக்கும் ஒண்டு வேணுமாம், வள்ளம் விடுற பொடியள் விடிய அங்கதான் வந்து நிப்பினமாம். ரெண்டு சுத்து முழுக்கப் பாத்துப்போட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, இதில சோளகம் எங்க காட்டுது?" கோட் திறந்துதானே கிடக்கு, அந்தக் காத்துப் பக்கத்தை இந்தச் சனி ஞாயிறு இருந்து எழுதிப் பாக்கப் போறன், வைகாசிக்கு முதல் அவருக்குக் கொண்டு போய்ப் பூட்டவேணும்.